ஐந்து மணிக்குள் ஒரு ஸ்கேன்

செவ்வாய்க்கிழமை காலை பத்தே முக்காலுக்குக் கௌரியின் போனில் ஒரு செய்தி வந்து விழுந்தது. அதற்குப் பிறகு அன்று முழுக்க அவள் நாற்காலியில் ஒழுங்காக உட்கார்ந்ததை எஸ்டேட் ஆபீசில் யாரும் பார்க்கவில்லை.

'தாங்கள் அனுப்பிய வம்சாவளிச் சான்று ஏற்கப்படவில்லை. முழுத் தாளையும் ஒரே பக்கமாக ஸ்கேனரில் எடுத்து இன்று மாலை ஐந்து மணிக்குள் பதிவேற்றவும். தவறினால் இடம் அடுத்தவருக்கு வழங்கப்படும்.'

இடம் என்பது தங்கை மேனகாவின் இடம். சேலத்து நர்ஸிங் கல்லூரியில் அவளுக்குக் கிடைத்த இடம். அந்த இடத்தை வைத்து வீட்டில் நடந்த ரகளையைப் போன வாரம் படித்தவர்களுக்கு மறுபடி சொல்ல வேண்டியதில்லை. படிக்காதவர்களுக்காக நாலு வரி: 'மலைய உட்டுக் கீழ அனுப்ப வேண்டாம்' என்று ஒற்றைக் காலில் நின்றான் அண்ணன் மாதேஷ். 'அனுப்பியே தீருவேன்' என்று நின்றாள் கௌரி. சர்க்கரையில் கால் புண்ணாகி வீட்டோடு கிடக்கும் அப்பா சின்னன் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். 'இனிமே உன் ஜீப்புல கால் வெச்சன்னா என்னைக் கேளு' என்று அண்ணனிடம் சொல்லிவிட்டு வந்தவள்தான் கௌரி. ஒன்பது நாளாக நாகலூரிலிருந்து ஆபீசுக்கு இரண்டு கிலோமீட்டர் ஏற்றத்தில் நடக்கிறாள். தினமும் மாதேஷின் ஜீப் அவளைத் தாண்டிப் போகும். அவன் நிறுத்துவதில்லை, இவள் கை காட்டுவதில்லை. மொத்தத்தில் தேய்ந்தது கௌரியின் செருப்பு.

இப்போது இந்தச் சான்று. மலைக்காரர்கள் ஒதுக்கீட்டுக்காகக் குடும்பத்தின் ஐந்து தலைமுறையையும் கிளை கிளையாக வரைந்து, நாலு மூலையிலும் முத்திரை குத்திக் கொடுத்திருந்தார்கள். சாதாரணத் தாளைப்போல் இரண்டு மடங்கு அகலம். முதலில் போனில் படம் எடுத்து அனுப்பினாள். நிழல் விழுந்திருக்கிறது, செல்லாது என்றார்கள். அடுத்து ஏற்காடு டவுனில் சையத் இப்ராஹிமின் ஜெராக்ஸ் கடைக்கு எடுத்துப் போனாள். அங்கே இருப்பது சின்ன மெஷின். அவருடைய மகள் ரிஸ்வானா பாவம், தாளை இரண்டு பாதியாக ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஒட்டித்தான் கொடுத்தாள். ஒட்டிய இடத்தில் கொள்ளுத்தாத்தாவின் பெயர் பாதி காணாமல் போயிருந்தது. அதுவும் செல்லாது என்பதைத்தான் இன்றைய செய்தி சொல்கிறது.

கௌரிக்குத் தெரிந்து அவ்வளவு அகலத் தாளை ஒரே மூச்சில் விழுங்கக்கூடிய மெஷின் மலையில் ஒன்றுதான். அது அவள் வேலை செய்யும் ஆபீசிலேயே, அடுத்த அறையில், போர்வை போர்த்திக்கொண்டு நின்றது.

அதன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் ரைட்டர் ஜேசுதாஸ். முப்பத்தொரு வருஷமாக அந்த எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர். மெஷின் வந்த நாளிலிருந்து அதைப் பெற்ற பிள்ளையைப்போல் கவனிப்பவர். பனியில் தாள் நமத்துப்போய் மெஷின் திக்குகிறது என்று தாள் தட்டுக்கடியில் ஒரு குண்டு பல்பை இரவும் பகலும் எரியவிட்டிருந்தார். அதை அணைக்க மேனேஜருக்குக்கூட உரிமை கிடையாது.

"ஏனுங்க ரைட்டர், இதுல ஒரு ஸ்கேன் எடுக்கோணுமுங்க. மேனகா சீட்டு விசயம். அஞ்சு மணிக்குள்ள அனுப்போணும்."

"ஜெராக்ஸ் எடுக்கற மெஷின்ல ஸ்கேன் எப்படி அம்மிணி வரும்?"

"ரெண்டும் வருமுங்க. ஸ்கிரீன்லயே போட்டிருக்குது பாருங்க."

அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். போட்டுத்தான் இருந்தது. வந்து ஒன்றரை வருஷமாகியும் அந்தப் பொத்தானை யாரும் தொட்டதில்லை. தாளைக் கண்ணாடியில் கவிழ்த்து வைத்துக் கௌரி அழுத்தினாள். 'மின்னஞ்சலுக்கு அனுப்பு' என்றாள். நெட்வொர்க் இணைப்பு இல்லை என்றது மெஷின். 'கம்ப்யூட்டருக்கு அனுப்பு' என்றாள். நெட்வொர்க் இணைப்பு இல்லை என்றது. இல்லாத நெட்வொர்க்கை அவள் எங்கே போய்க் கொண்டுவருவாள்? ஆபீசில் இன்டர்நெட் என்று இருப்பது அவளுடைய போன்தான். அதிலிருந்து கம்ப்யூட்டர் மட்டும் குடித்துக்கொள்ளும். மெஷினுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே ஒரு கருங்கல் சுவர் இருந்தது, ஒயர் இல்லை.

கோபத்தில் பெரிய பச்சைப் பொத்தானை அழுத்தினாள். அழகான ஒரு நகல் வெளியே வந்தது.

"எவ்வளவு சுத்தமா வருது பாரு. இத அனுப்பக் கூடாதா?" என்றார் ஜேசுதாஸ்.

"காயிதத்த எப்படிங்க போன்ல அனுப்பறது?"

"பஸ்ல குடுத்துவுடு. சேலத்துல எறக்கிக்குவாங்க."

கௌரி நகலை ஓரமாக வைத்தாள். பதில் சொல்லியிருந்தால் முப்பத்தொரு வருஷ மரியாதை போயிருக்கும்.

சேலத்து மெக்கானிக் மாரியப்பனுக்குப் போன் போட்டாள். நாலாவது தடவை எடுத்தார்.

"அது நெட்வொர்க்ல இருந்தாத்தான் கம்ப்யூட்டருக்குப் போகும் மேடம். ஒயர் இழுக்கோணும். வியாழக்கிழமை மலைக்கு வர்றேன்."

"இன்னைக்கு அஞ்சு மணிக்கு வேணுமுங்க."

"அப்ப கம்ப்யூட்டரத் தூக்கி மெஷின்கிட்ட வெச்சு, பிரிண்டர் கேபிளச் சொருகிப் பாருங்க. மெஷினோட ஒரு சிடி குடுத்தோம். அதப் போட்டீங்கன்னா பேசிக்கும்."

தூக்கினாள். டிவி மாதிரி இருந்த பழைய மானிட்டரை அவளும், பெட்டியை ஜேசுதாசும் சுமந்து வந்தார்கள். அடுத்த அறையில் இருந்தது ஒரே ஒரு பிளக் பாயிண்ட். அதில் மெஷினும் பல்பும் குடியிருந்தன. பல்பைப் பிடுங்கக் கூடாது என்று ரைட்டர் கையை விரித்து மறித்தார். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தேடவே அரை மணி நேரம் போயிற்று. ஒருவழியாகக் கேபிளைச் சொருகினால், கம்ப்யூட்டர் மெஷினை யாரென்று தெரியாது என்றது.

"சிடி எங்கீங்க?"

ஜேசுதாஸ் ஜன்னல் பக்கம் பார்த்தார். வெளியே ஆரஞ்சு மரத்தில், குருவிகளை விரட்டுவதற்காகக் கட்டித் தொங்கவிட்ட சிடிகள் காற்றில் சுற்றிக்கொண்டிருந்தன.

"பளபளன்னு இருந்துச்சு அம்மிணி. வேற எதுக்குன்னு ஆரும் சொல்லல."

ஆறு சிடியையும் அவிழ்த்து வந்தார். எல்லாம் வெயிலிலும் மழையிலும் உரிந்து, குருவிகள் தங்கள் கருத்தையும் அவற்றின்மேல் எழுதி வைத்திருந்தன. கம்ப்யூட்டர் ஒன்றைக்கூட ஏற்றுக்கொள்ளவில்லை. இன்டர்நெட்டிலிருந்து இறக்கிப் பார்த்தாள். 'மூன்று மணி நேரம் மீதம்' என்று காட்டிய கம்ப்யூட்டர், கால் மணி கழித்து 'ஐந்து மணி நேரம் மீதம்' என்றது. மலையில் சிக்னலின் லட்சணம் அது.

கௌரி அதை நிறுத்தினாள். சேலத்துக்கே போய்விடலாம் என்று முடிவெடுத்து மணியைப் பார்த்தால் மூன்றாகப் பத்து நிமிஷம். பஸ் பிடித்து, இறங்கி, கடை தேடி, நடக்கிற காரியமில்லை. காலையிலேயே கிளம்பியிருந்தால் இந்நேரம் வேலை முடிந்திருக்கும். மெஷின் பக்கத்திலேயே இருக்கிறது என்ற நினைப்புதான் அவளைக் கெடுத்தது.

மறுபடி மாரியப்பனைப் போனில் பிடித்தாள். இப்போது அவருக்கே பரிதாபமாகிவிட்டது.

"மேடம், பென்டிரைவ் இருக்கா? ஸ்கிரீனுக்குக் கீழ ஒரு சின்ன மூடி இருக்கும், தெறந்து சொருகுங்க. சொருகுனாத்தான் அந்த ஆப்சனே ஸ்கிரீன்ல வரும்."

"இதக் காலைலயே சொல்லியிருக்கலாமில்லீங்க?"

"நீங்க கம்ப்யூட்டருக்கு அனுப்போணும்னுதானே கேட்டீங்க?"

பல்லைக் கடித்துக்கொண்டு ஆபீஸ் பென்டிரைவைச் சொருகினாள். மெஷின் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. தன்னுடையதைச் சொருகினாள். அதற்கும் அதே மரியாதைதான். ரெண்டும் புதுசு, அறுபத்துநாலு ஜிபி. அந்த மெஷினுக்கு அவ்வளவு பெருசு ஆகாதாம். பழைய, சின்ன பென்டிரைவ் வேண்டும், எட்டு ஜிபிக்குள் இருந்தால் உத்தமம் என்றார் மாரியப்பன்.

இந்தக் காலத்தில் நாலு ஜிபி பென்டிரைவ் யார் வைத்திருப்பார்கள்? ஜீப்பில் பாட்டுப் போடுகிறவர்கள் வைத்திருப்பார்கள்.

கௌரி ரொம்ப நேரம் அந்த மெஷினையே பார்த்துக்கொண்டு நின்றாள். உலகத்தில் எத்தனையோ பேர் இருக்க, அந்த ஆளிடம்தான் போய் நிற்க வேண்டுமா என்றிருந்தது. பிறகு துப்பட்டாவை இழுத்துச் சொருகிக்கொண்டு ரோட்டுக்கு நடந்தாள்.

மூணே முக்காலுக்கு மாதேஷின் ஜீப் டவுனிலிருந்து வளைவில் திரும்பியது. ஒன்பது நாளில் முதல் தடவையாகக் கை காட்டினாள். ஜீப் பத்தடி தள்ளிப் போய் நின்றது. சவாரியாகப் பின்னால் உட்கார்ந்திருந்த வீராயி அத்தையும் இன்னும் நாலு பேரும் வாயைத் திறந்தபடி வேடிக்கை பார்த்தார்கள்.

"அண்ணா, பாட்டுப் போடற பென்டிரைவக் குடு."

"என்னத்துக்கு?"

"மேனகா சான்றிதழ ஸ்கேன் பண்ணோணும். அஞ்சு மணிக்குள்ள அனுப்பலீன்னா சீட்டு போயிரும்."

மாதேஷ் ஸ்டீயரிங்கைப் பார்த்தான். "அது நொம்பப் பழசு. வேல செய்யாது."

"இப்பப் பாடிக்கிட்டுத்தான இருக்குது?"

பாடிக்கொண்டுதான் இருந்தது. அவனால் மறுக்க முடியவில்லை. "வேற ஆரு கிட்டயாச்சும் கேட்டுப் பாரேன் புள்ள" என்றான்.

"உனக்கு அவ போறது புடிக்கல, எனக்குத் தெரியும். புடிக்காட்டிப் போவுது. ஒரு பென்டிரைவக் குடுக்கறதுல உன் கௌரவம் கொறஞ்சுருமா?"

"அட, குடுத்துத் தொலையேன் சாமி. மாட்டுக்குத் தண்ணி காட்டோணும் எனக்கு" என்றாள் வீராயி அத்தை பின்னாலிருந்து.

பாட்டு நடுவில் அறுந்தது. மாதேஷ் பென்டிரைவைப் பிடுங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டான். "இவுங்கள எறக்கி உட்டுட்டு நானே கொண்டாறேன். பாட்டெல்லாம் இருக்குது. நீ எதையாச்சும் அழிச்சுப்போடுவே."

வருவானா மாட்டானா என்று கௌரி வாசலுக்கும் கடிகாரத்துக்குமாக நடந்ததில் ஜேசுதாசுக்கே தலை சுற்றியது. நாலு நாற்பதுக்கு வந்தான். முகம் கொடுக்காமல் பென்டிரைவை நீட்டினான்.

மூடியைத் திறந்து சொருகினாள். ஸ்கிரீனில் காலையிலிருந்து இல்லாத ஒரு பொத்தான் வந்து உட்கார்ந்தது. 'பென்டிரைவில் சேமி.' அழுத்தினாள். பச்சை வெளிச்சம் தாளின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய் வந்தது. முடிந்தது என்றது மெஷின். மொத்தம் அரை நிமிஷ வேலை.

"அவ்வளவுதானா?" என்றார் ஜேசுதாஸ். கௌரிக்கு அந்த மெஷினை எட்டி உதைக்க வேண்டும்போல் இருந்தது.

பென்டிரைவைக் கம்ப்யூட்டரில் மாற்றிச் சொருகினாள். போன் இன்டர்நெட்டில் கல்லூரிப் பக்கம் திறந்து காத்திருந்தது. பென்டிரைவில் வரிசையாகப் பாட்டுகள். கடைசியில் இரண்டே இரண்டு வேறு பைல்கள். ஒன்றின் பெயர் வெறும் எண்கள். மற்றதின் பெயர் மேனகா. இருந்த அவசரத்தில் பெயர் இருந்ததைத்தான் அவள் விரல் திறந்தது.

வம்சாவளி வரவில்லை. கோடு போட்ட நோட்டுத் தாளில் எழுதிய ஒரு கடிதம் வந்தது.

'ஐயா, எனக்கு ஒதுக்கப்பட்ட நர்ஸிங் இடத்தை என் சொந்த விருப்பத்தின் பேரில் விட்டுக்கொடுக்கிறேன். குடும்பச் சூழ்நிலை காரணமாக என்னால் சேர இயலாது. இடத்தை அடுத்தவருக்கு வழங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்கு, சி. மேனகா.'

தேதி எட்டு நாளைக்கு முந்தையது. கையெழுத்து மேனகாவுடையது. அந்தக் குண்டு எழுத்தை அவளுக்குக் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்ததே கௌரிதான்.

கௌரி மெல்லத் திரும்பினாள். மாதேஷ் கதவருகே நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எழுத வெச்சுட்டயா?"

"நான் ஒரு எழுத்துஞ் சொல்லல. நாம சண்ட போட்ட மறுநாள் அவளா எழுதிக்கிட்டு ஜீப்புக்கு வந்தா. ரிஸ்வானா கடைல ஸ்கேன் பண்ணி அனுப்பீருண்ணான்னு அழுதா. ஸ்கேன் பண்ணேன்."

"அனுப்பிட்டயா?"

"இல்ல."

"ஏன்? அன்னைக்கு அந்தக் குதி குதிச்சயே."

"குதிச்சேன். அவளே வேண்டாம்னு எழுதிக் குடுத்தப்பறம் என்னமோ எனக்குப் புடிக்கல. தெனமும் நாளைக்கு அனுப்பலாம்னு வெச்சிருந்தேன்."

நாலு நாற்பத்தொன்பது. எண் பெயர் கொண்ட பைலைத் திறந்தாள். ஐந்து தலைமுறையும் கொள்ளுத்தாத்தாவின் முழுப் பெயரும் நாலு முத்திரையும் தெளிவாக இருந்தன. கல்லூரிப் பக்கத்தில் அதைப் பொருத்தினாள். 'பதிவேற்று' என்ற பொத்தான் மட்டும் மிச்சம். விரல் அதன்மேல் போய் நின்றுகொண்டது. அழுத்திவிட்டு அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று மனசு சொன்னது. காலையிலிருந்து பட்ட பாடு அப்படி. ஆனால் முடியவில்லை. போனை எடுத்து மேனகாவைக் கூப்பிட்டாள்.

"அக்கா, ஏறிருச்சா?"

"நீ எழுதுன காயிதத்தப் பார்த்தேன்."

அந்தப் பக்கம் அடுப்பில் ஏதோ கொதிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"ஏன் கண்ணு?"

"அப்பாவுக்குக் காலைலயும் ராத்திரியும் ஊசி ஆரு போடறது? அண்ணன் அஞ்சரைக்கு ஜீப்பெடுத்தா ராத்திரிதான் வர்றான். நீ ஊசியப் பார்த்தாலே எந்திரிச்சு வெளிய போயிர்றே. நான் சேலத்துல ஊர் சனத்துக்கெல்லாம் போட்டுக்கிட்டிருந்தா, ஊட்ல அப்பாவுக்கு?"

கௌரிக்குக் காது சூடானது. ரெண்டு மாதமாக அந்த ஊசி தினமும் வேளை தவறாமல் நடக்கிறது. அம்மா ராசம்மாள் இறந்து ஆறு வருஷமாகிற வீட்டில் அதைச் செய்வது மேனகா என்று அவளுக்குத் தெரியும். அவள் போய்விட்டால் யார் என்று ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை. அது தன்பாட்டில் நடக்கிற காரியம் என்று இருந்துவிட்டாள்.

"இத என்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல?"

"நீயும் அண்ணனும் போறா, போகலன்னு உங்களுக்குள்ளயே சண்ட போட்டீங்க. என்னை ஒரு வார்த்த ஆரு கேட்டீங்க?"

குற்றம் சாட்டுகிற குரல் இல்லை அது. இருக்கிறதைச் சொல்கிற குரல். அதுதான் அதிகமாக வலித்தது.

"இப்பக் கேக்கறேன்," என்றாள் கௌரி. "உனக்குப் போகணுமா, வேண்டாமா? அப்பாவ உட்டுரு. என்னை உட்டுரு. உனக்கு."

மணி நாலு ஐம்பத்து நாலு. ஜேசுதாஸ் எழுந்து சத்தமில்லாமல் வெளியே போனார்.

"போகணும்க்கா," என்றாள் மேனகா. "நொம்பப் போகணும்."

"அப்ப ஏத்தறேன்."

"இரு அக்கா. ஏத்து. ஆனா நாளைக்குக் காலைல ஆறரைக்கு அப்பாவுக்கு ஊசி நீதான் போடோணும். நான் பக்கத்துல நிப்பேன், தொட மாட்டேன். உன்னால முடியலீன்னா அண்ணன் அந்தக் காயிதத்த அனுப்பட்டும். சும்மா சொல்லல."

சும்மா சொல்லவில்லை என்று கௌரிக்குத் தெரிந்தது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஊசி போடக் கற்றுக்கொடுத்த அன்று, தலை சுற்றி வராந்தாவில் போய் உட்கார்ந்தவள் அவள். இப்போதும் நினைத்த மாத்திரத்தில் உள்ளங்கை வேர்த்தது. வேர்த்த கையாலேயே பொத்தானை அழுத்தினாள்.

வட்டம் சுற்றியது. நின்றது. மறுபடி சுற்றியது. மாதேஷ் பக்கத்தில் வந்து நின்றான். நாலு ஐம்பத்தெட்டுக்கு, 'தங்கள் ஆவணம் பெறப்பட்டது' என்று ஒரு வரி வந்தது.

"ஏறிருச்சு," என்றாள் போனில்.

"சரிக்கா. காலைல பார்க்கலாம்," என்று மேனகா வைத்துவிட்டாள்.

கௌரி பென்டிரைவைப் பிடுங்கினாள். அந்தக் கடிதத்தை அழிக்கவில்லை. அண்ணன் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். அவன் அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் பல்பைப் பார்த்தான்.

"அண்ணா, அந்த ஊசிய எங்க போடுவா? கைலயா, வயித்துலயா?"

மாதேஷ் யோசித்தான். அவனுக்கும் தெரியவில்லை.